கைக்கணிப்பொறியின் சீரியல் இணைப்பில் தோன்றும் பழுதுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ள சிற்றூர் கல்லாறு. உருண்டு திரண்ட பெருங்கற்களுக்கு இடையே தெளிந்த நீர் ஓடும் இவ்வாறு, வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதி நீரோடைகளுள் ஒன்றாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் சிலருடன் ஒருநாள் களப்பயிற்சிக்காக அங்குச் சென்றிருந்தோம். நிழலுள்ள இடத்திலும் வெயில்படும் இடத்திலும் நீரின் வெப்பநிலையை அளத்தல், மிதக்கும் பொருளொன்று குறித்த தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கணித்தல் ஆகியவையே அன்றைய வேலை. அளவீடுகள் யாவும் ஒரு பழைய கைக்கணிப்பொறியில் பதிவு செய்யப்பட்டன. காகிதக் குறிப்பேடு நனைந்துவிடும் என்று எண்ணி, அதை ஒருவரும் எடுத்துவரவில்லை.

மாலையில், பதிவுகளை மடிக்கணிப்பொறிக்கு மாற்றுவதற்காகச் சீரியல் கேபிளை இணைத்தோம். திரையில் எழுத்துகள் வந்தன. ஆயினும் தமிழ் வரவில்லை. ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் ‘கல்லாறு’ என்னும் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 3 என்னும் இலக்கமும், அதையடுத்துப் பெரிய ‘கியூ’, சிறிய ‘எச்’, மறுபடியும் பெரிய ‘கியூ’, பெரிய ‘இசட்’, பெரிய ‘பி’ ஆகிய ஆங்கில எழுத்துகளும், இறுதியில் ஒரு சதுர அடைப்புக்குறியும் நின்றன. வெப்பநிலை இலக்கங்கள் மட்டும் சரியாகவே தெரிந்தன. கைக்கணிப்பொறியோ பாட்டரி குறைந்துவிட்டதென எச்சரித்துக்கொண்டிருந்தது. “கருவி குழம்பிவிட்டது, சார், ஒருமுறை ரீசெட் செய்துவிடலாம்” என்று கூறிய நண்பர் ஒருவர், கருவியின் பின்புறத் துளையில் குத்துவதற்கு ஒரு குண்டூசியையும் எடுத்துவிட்டார். அக்கருவியை வன்முறையாக ரீசெட் செய்திருந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் அழிந்திருக்கும். கருவியில் பழுது எதுவுமே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. கெட்டுவிட்டதாகத் தோன்றிய அவ்வேழு குறிகளிலேயே பழுதின் இருப்பிடம் எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவுகள் எங்கே இருக்கின்றன?

இன்றைய கைபேசியில் பாட்டரி முற்றிலும் தீர்ந்தாலும் எழுதி வைத்தவை அழிவதில்லை. முற்காலக் கைக்கணிப்பொறிகளின் நிலை வேறு. 1991-இல் வெளிவந்த சையான் சீரீஸ் 3, 1994-இல் வந்த எச்.பி. 200 எல்.எக்ஸ்., 1996-இல் வந்த பாம் பைலட் ஆகிய கருவிகளில் பயனாளர் எழுதுபவை, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவை வைத்திருக்கும் சில்லுகளில் தங்கின. முதலிரண்டிலும் பெரிய பாட்டரிகளுக்குத் துணையாக ஒரு சிறிய வட்டப் பாட்டரி உண்டு. பாம் பைலட்டில் அதுவும் இல்லை. பாட்டரிகளை எடுத்தபின் ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்குள் புதியவற்றைப் போட்டாக வேண்டும்.

ஆகவே, இத்தகைய கருவிக்குச் சீரியல் கேபிள் என்பது ஒரு துணைப்பொருள் அன்று. பதிவுகள் பத்திரமான இடத்தை அடைவதற்குப் பெரும்பாலும் அதுவே வழி. இணைப்பு கிடைக்காதபோது நாம் செய்யும் சோதனைகளும் கருவியின் பாட்டரியையே உண்கின்றன என்பதை மறத்தலாகாது. சீரியல் போர்ட் திறந்திருக்கும் நேரமெல்லாம், மறுமுனையில் ஒன்றும் இல்லாவிடினும், அதை இயக்கும் சில்லு மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். எனவே மடிக்கணிப்பொறியை முதலிலும், கேபிளை அடுத்தும், பதிவுகளைத் தாங்கிய கைக்கணிப்பொறியை இறுதியிலும் ஆராய்தல் வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். கையில் இருப்பது அக்கருவி ஆதலால் அதையே முதலில் தட்டிப் பார்க்கின்றனர்.

நம் நாட்டில் இவ்வகைக் கருவியைப் பற்றிப் பேசும்போது சிம்ப்யூட்டரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, ஸ்வாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இதன் உருவாக்கத்தில் ஈடுபட்டனர். இதற்கென 1999-இல் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. 2001-இல் மாதிரிக் கருவி வெளியிடப்பட்டது. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த ‘அமிடா’ என்னும் வடிவம், பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. எளிமை, குறைந்த விலை, பன்மொழி ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்தே அதன் பெயர் அமைந்தது. சந்தையில் அது நிலைபெறவில்லை. எனினும், கிராமத்து மனிதர் தம் மொழியிலேயே படிக்கவும் கேட்கவும் கூடிய கையடக்கக் கருவி என்ற அதன் நோக்கம், இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. ஏனெனில், ஆங்கிலத்தை மட்டும் கடத்தும்போது கண்ணுக்குப் புலப்படாத சில பழுதுகள், இந்திய மொழிகளைக் கடத்தும்போதுதான் வெளிப்படுகின்றன.

கம்பியில் நிகழ்வது யாது?

சீரியல் இணைப்பில் ஓர் எழுத்தின் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பி வழியே செல்கின்றன. ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்து செல்வோரை இதற்கு ஒப்பிடலாம். இதற்கான ஆர்.எஸ்.-232 என்னும் தரத்தை அமெரிக்க மின்னணுத் தொழிற்சங்கம் 1960-இல் வெளியிட்டது. பரவலாக வழங்கிய ‘சி’ திருத்தம் 1969-ஆம் ஆண்டினது. இத்தரத்தின்படி, தரை என வழங்கும் பொதுக் கம்பியோடு ஒப்பிட, −3 முதல் −15 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தம் 1 என்னும் பிட்டையும், +3 முதல் +15 வோல்ட் வரையுள்ளது 0 என்னும் பிட்டையும் குறிக்கும். இடைப்பட்ட பகுதிக்குப் பொருள் இல்லை. பேச்சு எதுவும் நிகழாத வேளையில் அனுப்பும் கம்பி எதிர்மின் அழுத்தத்திலேயே நிற்கும். இவ்வுண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

ஓர் எழுத்து புறப்படும்போது முதலில் ஒரு தொடக்கப் பிட், பின்னர் ஏழு அல்லது எட்டுத் தரவுப் பிட்டுகள், விரும்பினால் பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புப் பிட், முடிவில் ஒன்று அல்லது இரண்டு முடிவுப் பிட்டுகள் என்ற வரிசையில் செல்லும். இரட்டைப் பாரிட்டி என்றால், தரவிலும் பாரிட்டியிலும் சேர்ந்து 1 என்னும் பிட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையுமாறு அந்தக் கூடுதல் பிட் வைக்கப்படுகிறது என்று பொருள். எட்டுத் தரவுப் பிட், பாரிட்டி இல்லை, ஒரு முடிவுப் பிட் என்பது இன்று மிகுதியாக வழங்கும் அமைப்பு. இதில் ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள் ஆகின்றன. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். 48,000 எழுத்துகள் கொண்ட ஒரு கோப்புக்கு 50 நொடிகள் தேவை. இக்கணக்கை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது நன்று. ஒரு நிமிடத்தில் முடியவேண்டிய வேலை ஐந்து நிமிடமாகியும் முடியாவிடில், எங்கோ மறுபடி மறுபடி அனுப்புதல் நடக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. தொடக்கப் பிட்டைக் கண்டதும் பெறும் கருவி தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியையும் பார்த்துக்கொண்டே செல்கிறது. பத்தாவது பிட்டை அடைவதற்குள் அரைப் பிட் அளவுக்கு மேல் தவறினால் எழுத்துக் கெடும்; அதாவது இருவர் கடிகாரங்களுக்கும் இடையே ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து வரையுள்ள வேறுபாடே பொறுக்கத்தக்கது. ஒருவர் 9600, மற்றவர் 4800 என்று அமைத்துக்கொண்டால் கிடைப்பது குப்பையே. அக்குப்பையும் ஒன்றைச் சொல்லும்: அனுப்பியதைவிடக் குறைவான எழுத்துகள் வந்தால், பெறும் பக்கத்தின் வேகம் பெரும்பாலும் குறைவாக வைக்கப்பட்டுள்ளது, மிகுதியாக வந்தால், அது கூடுதலாக வைக்கப்பட்டுள்ளது.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

கைக்கணிப்பொறியை அணைத்து, ஓரமாக வைத்துவிடுக. கேபிளின் ஒரு முனையை மடிக்கணிப்பொறியில் மட்டும் செருகுக. இன்றைய மடிக்கணிப்பொறிகளில் சீரியல் போர்ட் இல்லாமையால், யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை இடையில் வைக்க நேரும். அம்மாற்றியை வேறொரு துளையில் செருகினாலே போர்ட்டின் எண் மாறிவிடக்கூடும். நேற்று மூன்றாம் எண்ணாக இருந்தது இன்று ஐந்தாம் எண்ணாக இருக்கலாம். ‘ஒன்றுமே வரவில்லை’ என்னும் முறையீடுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

எண் சரியென உறுதி செய்தபின், கேபிளின் மறுமுனையிலுள்ள ஒன்பது துளைச் செருகியில் 2, 3 ஆகிய துளைகளை ஒரு மெல்லிய கம்பித் துண்டால் அல்லது நிமிர்த்திய ஜெம் கிளிப்பால் இணைத்துவிடுக. அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இப்போது ஒன்றாகிவிட்டமையால், தட்டச்சு செய்வது அப்படியே திரும்பி வந்து திரையில் தோன்றவேண்டும். முனையப் பேச்சு நிரலில், தானே எழுத்தைக் காட்டிக்கொள்ளும் வசதியையும், கம்பிவழி ஓட்டக் கட்டுப்பாட்டையும் முதலில் அணைத்துவிட வேண்டும். கம்பித் துண்டை எடுத்தபின்னும் எழுத்துகள் தோன்றிக்கொண்டிருந்தால், நீங்கள் பார்ப்பது கேபிளின் விடை அன்று, நிரலின் எதிரொலியே.

இச்சோதனை தேறினால், மடிக்கணிப்பொறி, மாற்றி, கேபிளின் இரண்டு தரவுக் கம்பிகள் ஆகியவை நலம் என்று கொள்ளலாம். இதற்கு மேல் இச்சோதனை எதையும் மெய்ப்பிக்காது. வேகம் சரியா என்பதை அது கூறாது. தானே அனுப்பியதைத் தானே பெறுவதால் எந்த வேகமும் தேறிவிடும். தரைக் கம்பி அறுந்திருப்பதையும் அது காட்டாது; மின்னோட்டம் அங்கே ஒரே கருவிக்குள் சுற்றி வருவதே காரணம். தரை அறுந்த கேபிள் மிகவும் ஏமாற்றும் இயல்புடையது. சில வேளை வேலை செய்யும். கையால் தொட்டால் எழுத்து மாறும். சார்ஜரைச் சுவரில் செருகினால் இயங்கும், எடுத்தால் நிற்கும். எனவே ஒன்பது முனைச் செருகிகளின் 5-ஆம் முனையிலிருந்து 5-ஆம் முனைவரை மல்டிமீட்டரால் தொடர்ச்சியைப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு முனை 25 முனைச் செருகியாயின், அங்கே தரை 7-ஆம் முனை. பார்க்கும்போது கேபிளின் கழுத்தை மெதுவாக வளைத்துப் பார்க்கவும். கம்பிகள் நடுவில் அறுவது அரிது. செருகியின் அருகே, நாள்தோறும் மடங்கும் இடத்திலேயே அறுகின்றன.

அடுத்துக் கம்பிகளின் மாறுதல். 1984-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி./ஏ.டி. கணிப்பொறியோடு பரவிய ஒன்பது முனை அமைப்பில், கணிப்பொறி 3-இல் அனுப்பும், 2-இல் பெறும். மறுமுனையிலுள்ள கருவியும் 3-இல் அனுப்புவதாயின், இருவரும் ஒரே கம்பியில் பேசி ஒருவரும் கேளாமல் நிற்பர். அப்போது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டிய கேபிள் தேவை. எந்தக் கேபிள் வேண்டும் என்பதற்கு நூலைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே எடுத்து, 5-ஆம் முனைக்கும் மற்றதற்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கவும். 2, 3 ஆகிய இரண்டில் எது −5 முதல் −12 வோல்ட் வரை காட்டுகிறதோ அதுவே அக்கருவியின் அனுப்பும் முனை. ஒரு கருவியின் அனுப்பும் முனை, மற்றதன் அனுப்பாத முனையைச் சேரவேண்டும். வேறு விதி இல்லை. கைக்கணிப்பொறியின் முனையை அளக்கும்போது மட்டும், அதன் போர்ட் நிரலால் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அளந்தவுடன் மூடிவிட வேண்டும்.

அளக்கும்போது எதிர்மின் அழுத்தத்திற்குப் பதிலாக +3.3 அல்லது +5 வோல்ட் அசையாமல் நின்றால், உடனே கையை எடுத்துவிடுக. அக்கருவி ஆர்.எஸ்.-232 மொழியில் பேசவில்லை. தன் உள்சில்லுகளின் அழுத்தத்தையே வெளியே தருகிறது. அத்தகைய கருவிகளுக்கு உரிய கேபிளின் உள்ளேயே அழுத்தத்தை மாற்றும் மின்சுற்று அடங்கியிருக்கும். சையான் சீரீஸ் 3-க்கு உரிய ‘3-லிங்க்’ கேபிள் இவ்வகையினது; நடுவில் தடித்த ஒரு பெட்டி காணப்படும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் கம்பியால் அதற்கு ஈடுகட்ட முயன்றால், −12 வோல்ட் நேரே சில்லுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். கேபிளைத் தொலைத்துவிட்டுக் கருவியைப் பாதுகாப்பதில் பயனில்லை. இரண்டையும் ஒரே பையில் வைப்பதே முறை.

ஓட்டக் கட்டுப்பாட்டுப் பழுது, சிறிய கோப்புகளில் வெளிப்படாது. நான்கு வரிக் குறிப்பு முழுமையாக வரும். நானூறு வரிப் பதிவில் இடையிடையே சில வரிகள் காணாமற்போகும். பெறுபவர் ‘பொறு’ என்று சொல்வதற்குரிய 7, 8 ஆகிய கம்பிகள் மலிவான கேபிள்களில் இடம்பெறுவதில்லை. அவை இல்லாதபோது அனுப்பும் கருவி ஒன்றும் அனுப்பாமலே காத்திருப்பதும் உண்டு. கைக்குக் கிடைத்த தீர்வு, வேகத்தைக் குறைப்பதே. 2400-இல் முழுமையாக வரும் பதிவு, 19200-இல் பாதி வரும் பதிவைவிட மேலானது.

சிதைந்த எழுத்துகளைப் படித்தல்

இனிக் கல்லாற்றின் ஏழு குறிகளுக்கு வருவோம். இந்திய எழுத்துகளுக்கென 1991-இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ். 13194 என்னும் தரம், ‘இஸ்கி’ என வழங்குகிறது. இதில் 0 முதல் 127 வரையுள்ள எண்கள் ஆங்கிலத்திற்கும் இலக்கங்களுக்கும் உரியவை. இந்திய எழுத்துகள் யாவும் 128-க்கு மேற்பட்டவை. அதாவது, எட்டாவது பிட் 1 ஆக இருப்பதே இந்திய எழுத்து என்பதன் அடையாளம். அந்த ஒரு பிட்டை யாரேனும் வழியில் பறித்துவிட்டால், ஒவ்வோர் எண்ணிலும் 128 குறைந்துவிடும்.

‘க’ என்பதன் எண் 179. 128 போக 51. அது 3 என்னும் இலக்கத்தின் எண். ‘ல’ 209, எஞ்சுவது 81, பெரிய ‘கியூ’. புள்ளி 232, எஞ்சுவது 104, சிறிய ‘எச்’. மீண்டும் ‘ல’, மீண்டும் ‘கியூ’. கால் 218, எஞ்சுவது 90, ‘இசட்’. ‘ற’ 208, எஞ்சுவது 80, ‘பி’. உகரக் குறி 221. எஞ்சுவது 93, சதுர அடைப்புக்குறியின் வலப்பாதி. திரையில் நின்றவை இவையே. இஸ்கி முறையில் ஒத்த எழுத்துகளுக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே எண் ஆதலால், அவ்வூரார் மலையாளத்தில் ‘கல்லார்’ என்று எழுதினாலும் முதல் ஐந்து குறிகள் மாறா.

ஏழும் பிறழாமல் பொருந்தியதால் வேகம் சரி, கம்பி சரி, கைக்கணிப்பொறி அனுப்பியதும் சரி என்பது தெளிவாயிற்று. எட்டாவது பிட்டைப் பறித்தது பெறும் பக்கமே. மடிக்கணிப்பொறியின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது, ஏழு தரவுப் பிட், இரட்டைப் பாரிட்டி என்றிருந்தது. அதே மடிக்கணிப்பொறி முன்பு மின்மீட்டர் ஒன்றின் ஒளிவழிப் போர்ட்டைப் படிக்கப் பயன்பட்டிருந்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62056-21-ஆம் தரத்தின்படி, மீட்டருடன் பேச்சைத் தொடங்குவது நொடிக்கு 300 பிட், ஏழு தரவுப் பிட், இரட்டைப் பாரிட்டி என்னும் அமைப்பில்தான். வேகத்தை மாற்றியவர் மற்றதை மாற்ற மறந்துவிட்டார். நிரலும் பாரிட்டிப் பிழையைக் கண்டு எச்சரிக்காமல் எழுத்தை ஏற்றுக்கொண்டது. எட்டுப் பிட், பாரிட்டி இல்லை என்று திருத்தி மறுபடி அனுப்பியதும் தமிழ் வந்தது; அதன்பின் இருபது நிமிடங்களுக்குள் கைக்கணிப்பொறி அணைந்துபோயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சிதைந்த பிரதியே கையில் இருக்கிறதே, 128-ஐக் கூட்டிப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாமே என்று எண்ணி மூலத்தை அழித்துவிடலாகாது. சிதைந்த பிரதியில் 3 என்பது ‘க’வா, உண்மையான 3-ஆ என்று அறிய வழியில்லை. ஊர்ப்பெயரை ஊகிக்கலாம், அளவீட்டை ஊகிக்கலாகாது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. அது இதைவிடத் தீயது. அனுப்புபவர் ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி என்றும், பெறுபவர் எட்டுப் பிட், பாரிட்டி இல்லை என்றும் வைத்துக்கொண்டால், பாரிட்டிப் பிட்டே எட்டாவது தரவுப் பிட்டாகக் கொள்ளப்படும். அப்போது 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் பழுதின்றி வரும். அவற்றின் எண்களில் 1 என்னும் பிட்டுகள் ஏற்கெனவே இரட்டைப்படையாக உள்ளன. 1, 2, 4, 7, 8 ஆகியவற்றோடு 128 கூடிவிடும். இஸ்கித் திரையில் 1 ‘ஔ’ ஆகவும், 7 ‘ங’ ஆகவும், 8 ‘ச’ ஆகவும் தோன்றும். 2-க்கும் 4-க்கும் உரிய இடங்களில் தமிழில் எழுத்தே இல்லை. 30, 56, 95 என்னும் அளவீடுகள் மட்டும் அடங்கிய பக்கம் ஒன்றைப் பார்த்து இணைப்பு நலமென்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். ஆதலால், பதிவுகளை அனுப்புமுன் சோதனை வரி ஒன்றை அனுப்புக: 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களும், அவற்றைத் தொடர்ந்து ‘கல்லாறு’ என்னும் சொல்லும். பத்து இலக்கங்கள் பாரிட்டியையும் ஊர்ப்பெயர் எட்டாவது பிட்டையும் காட்டிக்கொடுக்கும். வகுப்பில் ஆசிரியர்கள் இதையே ஒரு பயிற்சியாகத் தரலாம். பத்து இலக்கங்களின் இரும எண்களையும் மாணவர் எழுதி, 1-களை எண்ணினால், எந்த ஐந்து தப்பும், எந்த ஐந்து கெடும் என்பதைத் தாமே கண்டுகொள்வர்.

கருவி யூனிகோடு எழுத்துகளை யு.டி.எஃப்.-8 முறையில் அனுப்புவதாயின் அடையாளம் வேறுபடும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். மூன்றிலும் எட்டாவது பிட் 1. அதைப் பறித்துவிட்டால், ஒவ்வொரு குறிக்கும் முதலில் ஒரு சாய்ந்த ஒற்றை மேற்கோள், அடுத்து ஒரு முற்றுப்புள்ளி அல்லது சாய்கோடு என்று திரை முழுதும் ஒரே கோலமாகத் தெரியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ஓ’ என்னும் எழுத்தின் மூன்றாம் பைட் 147. எட்டாவது பிட் போனால் 19. அந்த 19-தான் ‘நிறுத்து’ என்னும் கட்டளைக் குறி. கம்பிகளுக்குப் பதிலாக இத்தகைய குறிகளால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில், ‘ஓடை’ என்னும் சொல் வந்த இடத்திலே பெறும் கணிப்பொறி தன் மறுமொழிகளை நிறுத்திக்கொள்ளும். மறுமொழிக்குக் காத்திருக்கும் கைக்கணிப்பொறியும் நின்றுவிடும். எத்தனை முறை தொடங்கினாலும் அதே சொல்லில் நிற்கும் கடத்தலைக் கண்டால், கேபிளைக் குறைகூறாமல் அச்சொல்லைப் பார்க்கவேண்டும்.

ஈரமும் இடியும்

மலையடிவாரங்களில் கேபிளுக்கு ஈரமே முதற்பகை. செருகியின் முனைகளில் படியும் மங்கிய படலம், மூன்று வோல்ட்டு நிலையிலேயே தடுமாறும் யு.எஸ்.பி. மாற்றிகளை எளிதில் வீழ்த்தும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் இரண்டு மூன்று முறை செருகி எடுத்தாலே பல இணைப்புகள் உயிர்பெறும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கத்தில் உண்டு; அதன் துகள் சிறிய துளைகளில் தங்கிவிடுவதால் நான் அதை விரும்புவதில்லை.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. அவ்வேளைகளில் மடிக்கணிப்பொறியின் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பாட்டரியிலேயே கடத்தலை நடத்துக. இடி இல்லாத நாளிலும் இப்பழக்கம் நன்மை தரும். தரைத் தொடர்பில்லாத இரண்டு முள் சார்ஜரோடு இணைந்த மடிக்கணிப்பொறியின் உலோகப் பகுதி, மின்வழி அழுத்தத்தின் பாதியளவு வரை மிதந்து நிற்கக்கூடும். ஓட்டம் மிகச் சிறிதாயினும், செருகியை நுழைக்கும் நொடியில் 5-ஆம் முனைக்கு முன்பாக 2-ஆம் முனையோ 3-ஆம் முனையோ தொட்டுவிட்டால் அவ்வளவும் கைக்கணிப்பொறியின் சில்லு வழியே பாயும். சார்ஜரை எடுத்து, கேபிளை இணைத்து, அதன் பின்னரே இரு கருவிகளிலும் போர்ட்டைத் திறக்கவேண்டும். பதிவுகள் வந்து சேர்ந்தபின் மடிக்கணிப்பொறியில் கோப்பைத் திறந்து, முதல் வரியையும் கடைசி வரியையும் கைக்கணிப்பொறியின் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு கேபிளைக் கழற்றுக.